அம்மாவுக்கும் பிரஷர் பாருங்கள்



நம் தேயிலைத் தோட்டங்களில் 'பிரஷர்', அதாவது உயர் இரத்த அழுத்தம், என்றால் ஆண்களின் நோய், குடிப்பவர்களின் நோய் என்றொரு நினைப்பு ஊறிக் கிடக்கிறது. இருபது வயதில் மலைக்கு ஏறி, கொழுந்து பறித்தே ஐம்பதைத் தொட்டுவிட்ட நம் அம்மாமாருக்கு அது வரும் என்று வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. தலை சுற்றினால் 'பித்தம்' என்று சொல்லி, இஞ்சி போட்ட பிளேன்டியைக் குடித்துவிட்டு அவர்களும் கூடையை மாட்டிக்கொள்கிறார்கள். இம்மாதப் பக்கம் அவர்களுக்காக.

பிரஷர் எப்படி ஏறுகிறது? நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதோடு ஒன்றரைக் கிலோ அளவு உப்பும் வடிகிறது. இவை இரண்டிலும் நூற்றுக்கு 99 பங்கை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மிகுதியைச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. திருப்பிக் கொடுப்பது கொஞ்சம் கூடினாலும் உப்பு தங்கும், உப்போடு நீரும் தங்கும், இரத்த அழுத்தம் ஏறும்.

இளம் வயதில் பெண்ணுக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் இரத்தக் குழாய்கள் தளர்ந்து கொடுக்க உதவுகிறது. பெண் எலியின் சிறுநீரகம் கூடுதல் உப்பை ஆண் எலியைவிட விரைவாக வெளியேற்றுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைகிறது. வயது ஏற ஏற, இரு பாலாருக்கும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் தேய்கிறது. இளவயதில் ஆண்களைவிடக் குறைவாக இருந்த பெண்களின் அழுத்தம், அறுபதைத் தாண்டும்போது அவர்களை எட்டிப் பிடிக்கிறது. சில வேளை மிஞ்சியும் விடுகிறது. இருபதில் தாங்கிய அதே உப்பை ஐம்பதில் உடம்பு தாங்காது.

நம்மைப் போலத் தேயிலையை நம்பி வாழும் அசாம் தொழிலாளர்களைப் பாருங்கள். அங்கே தேநீரிலேயே உப்புப் போட்டுக் குடிக்கும் பழக்கம் உண்டு. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், முப்பது வயதைக் கடந்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது.

நாம் தேநீரில் உப்புப் போடுவதில்லை. ஆனால் ரொட்டி மாவில் உப்பு, கட்டச் சம்பலில் உப்பு, கருவாட்டில் உப்பு, அவசரத்துக்கு வாங்கும் நூடில்ஸ் பாக்கெட்டிலும் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு. இவை எல்லாம் சேர்ந்தே ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். சம்பலுக்கு உப்பைக் குறைத்துத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டுங்கள். கருவாட்டை ஊறவைத்து இரண்டு தண்ணீரில் அலசுங்கள். நாலைந்து வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அளந்தால்தான் தெரியும். தோட்ட டிஸ்பென்சரியிலோ, டிக்கோயா, நுவரெலியா அரச வைத்தியசாலைகளிலோ பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால், சுகமாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கிளினிக்குக்குப் போனால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடும் என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆகவே தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் கேட்கிறேன்: மாதம் ஒரு நாள், கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவை நீங்களே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்