பெட்டிக்குள் அடைத்த சத்தம்

கரண்ட் போன அடுத்த நிமிடம் ஜவுளிக்கடை வாசலில் இருக்கும் அந்தப் பெரிய இரும்புப் பெட்டி உறும ஆரம்பிக்கும். உள்ளே டீசல் ஜெனரேட்டர். 2005 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தயாராகும் 1000 கேவிஏ வரையிலான ஜெனரேட்டர்கள், பெட்டிக்கு 1 மீட்டர் தள்ளி அளந்தால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது, பெட்டியும் தயாரிப்பின்போதே சேர்ந்து வர வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. நல்ல விதிதான். திறந்த ஜெனரேட்டர் ஓடும் கடையில் விலை கேட்டவர்களுக்குத் தெரியும், எவ்வளவு கத்த வேண்டும் என்று :-)

ஆனால் அளப்பது பெட்டிக்கு வெளியே. எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் பெட்டி நன்றாக இருந்தால் பாஸ்! எஞ்சினுக்குக் காற்று வேண்டும், சூடு வெளியேற வேண்டும். அதற்கு விடும் வழியிலேயே சத்தமும் வரும். அதையும் அடைக்க ராக்வூல், வளைந்த குழாய்கள்... எல்லாம் வாங்குபவர் தலையில்.

சத்தத்தை எஞ்சினிலேயே குறைக்க முடியாதா? முடியும், டிராயிங் போடும்போதே கணக்குப் போட்டால்.

சிலிண்டருக்குள் டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் பிளாக் அதிர்கிறது. அந்த அதிர்வு ஆயில் சம்ப், வால்வு மூடி போன்ற மெல்லிய பாகங்களுக்குப் போய், அவை ஸ்பீக்கர் மாதிரி வேலை செய்கின்றன. (புகைக்குழாய், ஃபேன் சத்தமெல்லாம் தனிக் கதை.)

அதிகமாக ஆடுவதுதான் அதிகமாகக் கத்தும் என்று நினைத்தால் தப்பு. பள்ளி லேபில் இசைக்கவையைத் தட்டியது ஞாபகம் இருக்கிறதா? கையில் பிடித்தால் சத்தம் காதருகே மட்டும். காம்பை மேஜையில் வைத்தால் அறை முழுக்கக் கேட்கும். மேஜை ஆடுவது கண்ணுக்கே தெரியாது, ஆனால் அது பெரிய பரப்பு. தகட்டிலும் இப்படித்தான். ஒரு பகுதி வெளியே தள்ளும்போது பக்கத்துப் பகுதி உள்ளே இழுத்தால், காற்று அங்கேயே பக்கவாட்டில் நகர்ந்து சரியாகிவிடும், சத்தம் தூரம் போகாது. அதனால் தகட்டுக்குப் பட்டை வைத்து விறைப்பாக்கினால், அதிர்வு குறைந்தும் சத்தம் கூடிவிடுவது உண்டு! அனுபவத்தை மட்டும் நம்பினால் ஏமாற இடம் இருக்கிறது.

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. முதலில் ஃபைனைட் எலிமென்ட் முறையில் எந்த இடம் எவ்வளவு ஆடுகிறது என்று கணக்கு. அதை பவுண்டரி எலிமென்ட் முறைக்குக் கொடுத்தால் வெளியே கேட்கும் சத்தம் கிடைக்கும். சுற்றியிருக்கும் காற்றையெல்லாம் கட்டம் போட வேண்டாம், எஞ்சினின் மேல்பரப்பு போதும். ஒரு அலைநீளத்துக்குக் குறைந்தது 6 கட்டம் என்பது வழக்கம். 1000 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 34 செ.மீ., ஆக ஒரு கட்டம் 6 செ.மீ. கூட இருக்காது. அதிர்வெண் இரட்டிப்பானால் கட்டங்கள் 4 மடங்கு, மெமரி 16 மடங்கு, நேரடியாகத் தீர்த்தால் நேரம் 64 மடங்கு! ஆனாலும் இது புது சமாச்சாரம் இல்லை. சில அதிர்வெண்களில் இந்த முறை தப்பான விடை தரும் என்ற சிக்கலுக்கு பர்ட்டன், மில்லர் இருவரும் 1971-லேயே வழி சொல்லிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் சொன்ன டெசிபலை அப்படியே நம்பவும் கூடாது. போல்ட், கேஸ்கெட் இணைப்புகளில் அதிர்வு எவ்வளவு அடங்கும் என்பதை பெரும்பாலும் மனிதர்தான் உத்தேசமாகக் கொடுக்கிறார். இரண்டு டிசைனில் எது தேவலை என்று பார்க்க இது அருமை, சான்றிதழ் கொடுக்க அளந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம் ஏன் பெட்டியோடு நிற்கிறது? பி.காம் முதல் வருடப் பாடம்தான் பதில். சம்ப் டிசைனை மாற்றுவது எஞ்சின் கம்பெனிக்கு ஒரே தடவை ஆகும் செலவு. பெட்டியோ ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் திரும்பத் திரும்ப ஆகும் செலவு, அதைக் கட்டுவது வாடிக்கையாளர். எஞ்சினை ஒரு இடத்திலும் ஆல்டர்னேட்டரை இன்னொரு இடத்திலும் வாங்கிக் கோர்த்து விற்பவர் சம்பைத் தொடவே முடியாது. அவர் கையில் இருப்பது பெட்டி மட்டும். எஞ்சின் கம்பெனியை யாரும் கேட்பதில்லை.

கேட்க வைக்கலாம். பெட்டிக்கு வெளியே அளந்த எண்ணுக்குப் பக்கத்தில், பெட்டி இல்லாமல் எஞ்சினை மட்டும் அளந்த எண்ணையும் ஒட்டச் சொல்ல வேண்டும். 2006-ல் ஃப்ரிட்ஜுக்கு நட்சத்திரக் குறி வந்தபோது கடையில் பேரம் பேச ஒரு விஷயம் கூடியதே, அந்த மாதிரி. எஞ்சின் ஓடும்போதே கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, எங்கே தட்டுகிறது என்று காது கொடுத்துக் கேட்கும் மெக்கானிக்குக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது எண்தான்.