ஸ்டெப்னிக்கு ஓர் இருக்கை

"ஸ்டெப்னி எங்க மாப்பிள்ளை வெச்சிருக்கு?" என்று மாமா கேட்டபோது நாங்கள் நெவாடா மாநிலத்தின் நடுவில், ஐம்பதாம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். 2018 அக்டோபர். ஆஸ்டின் என்னும் சிற்றூரை விட்டுக் கிளம்பி அரைமணி நேரம் ஆகியிருக்கும். அடுத்த ஊர் யுரேகா. இரண்டுக்கும் இடையே சுமார் 110 கிலோமீட்டர். அதற்குள் ஊரென்று சொல்ல ஒன்றுமில்லை. 1986-ல் லைஃப் பத்திரிகை இதை அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. மாநிலத்துக்காரர்கள் அந்த ஏளனத்தையே விளம்பரமாக்கிப் பலகை வைத்துவிட்டார்கள். அப்பலகையைப் படமெடுக்கத்தான் வண்டியை ஓரங்கட்டினேன். சரளையில் கிடந்த கூர்ங்கல் ஒன்று பின்பக்க இடது டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டது.

மாமா, என் மனைவியின் தந்தை, அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைப்பாதையில் இருபது வருடம் ஓட்டியவர். இந்த வண்டிக்கு ஸ்டெப்னியே கிடையாது மாமா என்றேன். நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தார். "கிடையாதுன்னா? வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?" கம்பெனியே கொடுக்கவில்லை என்று விளக்கினேன். அவர் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு விடை சொல்வதற்காகத்தான் இத்தனை வருடம் கழித்து இதை எழுதுகிறேன் என்றும் கொள்ளலாம்.

அது இரண்டே இருக்கைகள் கொண்ட, கூரை மடங்கும் சிறு விளையாட்டுக் கார். பெயர் வேண்டாம், இந்த வகையில் இன்று விற்பனைக்கு வரும் பெரும்பாலானவற்றின் கதை இதுவேதான். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பதிலாக ஒரு புட்டியும், சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினால் ஓடுகிற ஒரு குட்டிக் காற்றுப் பம்பும் இருந்தன. புட்டியில் ரப்பர்ப் பால் போன்ற பசை. வால்வு வழியாக அதைச் செலுத்திக் காற்றடித்துச் சிறிது தூரம் ஓட்டினால், டயர் சுழலும்போது பசை பரவி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஆணி ஏறிய ஓட்டைக்கு, அதாவது தரையில் படும் பகுதியில் நான்கைந்து மில்லிமீட்டருக்கு மேற்படாத துளைக்கு, இது வேலை செய்யும். பக்கச்சுவர் கிழிந்தால் செய்யாது. போதாக்குறைக்கு அந்தப் புட்டிக்குக் காலாவதித் தேதி உண்டு. சில வருடங்களில் பசை கெட்டுவிடும். தேதி பார்த்து மாற்றுபவர்கள் எத்தனை பேர்? என்னுடையது காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது என்பதை மாமாதான் கண்டுபிடித்தார்.

கைபேசியில் சிக்னல் இல்லை. மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. பன்னிரண்டரைக்கு அவர் சாப்பிட்டாக வேண்டும். எங்களிடம் இருந்தது தண்ணீரும் பாதிப் பாக்கெட் பிஸ்கட்டும். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று வண்டிகள் கடந்தன, மூன்றாவது நின்றது. மாடு ஏற்றிச் செல்லும் வண்டி. அந்த மனிதர் தன் மதிய உணவில் பாதியை மாமாவிடம் கொடுத்துவிட்டு, யுரேகாவில் நிறுத்தி எங்களுக்காகத் தொலைபேசுவதாகச் சொல்லிப் போனார். சொன்னபடி செய்தார். இழுவை வண்டி ஈலி என்ற ஊரிலிருந்து வந்து சேர மாலையாகிவிட்டது. ஈலியில் அந்த அளவு டயர் இல்லை. வரவழைக்க இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மாமா என்னிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஸ்டெப்னி என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்ள ஆசை. மோட்டார் வண்டிகளின் ஆரம்ப நாட்களில் மாற்றுச் சக்கரம் என்பதே கிடையாது. பஞ்சரானால் சாலையோரத்தில் உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்டவேண்டியதுதான். 1904-ல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கவாட்டில் இதைக் கவ்வி முடுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். தெருவின் பெயர் பொருளுக்கு வந்தது. பொருளோடு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. இங்கிலாந்தில் இன்று ஸ்டெப்னி என்று கேட்டால் கிழக்கு லண்டனில் ஒரு பகுதியைக் காட்டுவார்கள். நம் லாரிக் கிளீனர்களுக்குத்தான் அந்த வேல்ஸ் தெரு நினைவிருக்கிறது, தெரியாமலே. டிக்கி என்பதும் அப்படித்தான்: பழைய கார்களின் பின்புறம் திறந்து மடக்கும் உபரி இருக்கைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். இருக்கை ஒழிந்தது, சொல் நம்மிடம் தங்கிவிட்டது. (ஸ்டெப்னிக்கு நம் சினிமா நகைச்சுவை தந்த இன்னொரு பொருளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆபத்தில் கைகொடுப்பதைக் கேலிக்குரியதாக்குவது பழைய வழக்கம்.)

விளையாட்டுக் கார்கள் எப்போதும் ஸ்டெப்னியை வெறுத்தன என்று நினைத்தால் அது பிழை. போருக்குப் பின் வந்த எம்.ஜி. டி.சி. காரின் பின்னழகே பெட்ரோல் தொட்டியின்மேல் சாய்ந்திருக்கும் அந்தக் கம்பிச் சக்கரம்தான். போர்ஷே 356-ல் முன்பக்கப் பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஸ்டெப்னி. எடைக் குறைப்பை ஒரு மதம்போலக் கடைப்பிடித்த காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன், கதவுகூட இல்லாத துறவி. அதன் முதுகிலும் ஒரு சக்கரம் தொங்கியது. தங்கள் வண்டி வீட்டிலிருந்து வெகுதூரம் போகும், போன இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவற்றை வடிவமைத்தவர்கள் எண்ணியிருந்தார்கள். ஓட்டுபவனுக்குக் கைகள் இருக்கின்றன என்றும் நம்பினார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 1997-ல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட், காற்றில்லாமலும் ஓடும் டயர்களோடு வந்து ஸ்டெப்னியைத் துறந்தது. மாஸ்டா மியாட்டாவின் முதலிரு தலைமுறைகளில் டிக்கிக்குள் ஒரு ஒல்லிச் சக்கரம் இருந்தது. மூன்றாம் தலைமுறையில் அதன் இடத்துக்குப் புட்டி வந்தது. பின்னர் இது விளையாட்டுக் கார்களோடு நிற்கவில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ட்ரிபிள் ஏ 2015-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2006 மாதிரிகளில் 5 சதவீதமே ஸ்டெப்னியின்றி வந்தன. 2015 மாதிரிகளில் அது 36 சதவீதம். இந்தியாவிலும் 2020-ல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பழுதுநீக்கும் பொருட்களும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றானது.

எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம் என்பது காரணம். பொய்யில்லை. ஆனால் சக்கரம், ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் சேர்ந்து பதினைந்து இருபது கிலோ. ஒரு வண்டியில் அதனால் மிச்சமாகும் பெட்ரோலை ஓட்டுபவர் உணரக்கூட மாட்டார். லட்சக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கு அது சராசரிக் கணக்கில் ஒரு புள்ளி, செலவுக் கணக்கில் ஒரு தொகை. அந்தப் புள்ளிக்கும் தொகைக்கும் ஈடாகச் சாலையோரக் காத்திருப்பு வாங்குபவர் தலையில் இறக்கப்பட்டது. இறக்கியதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. விற்பனைக் கூடத்தில் இருக்கையின் தோலைத் தடவிக் காட்டினார்கள். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தவறு.

ஆகவே, இல்லாத ஸ்டெப்னியை நாமே சுமக்கவேண்டும் என்பது என் கட்சி. அது சொல்வதுபோல் எளிதல்ல. முதலில் பொருந்தும் சக்கரம் வேண்டும். நட்டுகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளை, மொத்த உயரம் எல்லாம் ஒத்துவர வேண்டும். மியாட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: முதலிரு தலைமுறைகளிலும் நான்காவதிலும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு நட்டுகள், மூன்றாவதில் மட்டும் 114.3-ல் ஐந்து. நட்டு பொருந்தினாலும் பழைய சிறு சக்கரம் புதிய வண்டியின் பெரிய பிரேக்கில் இடிக்கக்கூடும். வீட்டு வாசலில், பகலில், நான்கு மூலைகளிலும் மாட்டிப் பார்த்தாலொழிய நம்பாதீர்கள். பின்சக்கரம் பஞ்சரானால் ஒல்லிச் சக்கரத்தை அங்கே மாட்டுவதும் நல்லதல்ல. இரு பின்சக்கரங்களின் உயரம் வேறுபட்டால் டிஃபரன்ஷியல், அதிலும் வழுக்கலைத் தடுக்கும் வகை, ஓயாமல் உழைத்துச் சூடேறும். முன்சக்கரம் ஒன்றைப் பின்னுக்கு மாற்றி, ஒல்லியை முன்னே போடவேண்டும். இரண்டு முறை ஜாக்கி. முன்னும் பின்னும் வேறு அளவுச் சக்கரங்கள் உள்ள வண்டியில் பெரும்பாலும் இதற்கும் வழியில்லை. ஸ்டெப்னி இல்லாத வண்டியில் ஜாக்கியும் வருவதில்லை என்பதால் அதையும், தாழ்ந்த வண்டிக்கு அடியில் நுழையும் வகையாகப் பார்த்து, வாங்கியாக வேண்டும். சரளையில் புதையாதிருக்க அதன் அடியில் வைக்க ஒரு பலகை. இது மாமாவின் யோசனை.

அடுத்த கேள்வி எங்கே வைப்பது என்பது. இன்றைய மியாட்டாவின் டிக்கி 130 லிட்டர். அதன் பதினாறு அங்குலச் சக்கரம் டயரோடு 60 சென்டிமீட்டர் விட்டம், 20 அகலம். கணக்குப்படி டிக்கியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அதுவே விழுங்கும், வடிவம் இடம் கொடுத்தால். டிக்கி மூடியின்மேல் சட்டம் போட்டுக் கட்டுகிறார்கள் சிலர். எனக்கு அந்தத் தோற்றம் எம்.ஜி.யை நினைவூட்டுகிறது, என் மனைவிக்குச் சென்னை வாடகை வண்டியை. மிகுதிப்பேர் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போடுகிறார்கள். நானும் செய்தேன். இருக்கையிலுள்ள எடையுணரி அதை ஆளென்று எண்ணிக்கொள்ளும். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளிருக்கும் பன்னிரண்டு கிலோ சக்கரம் தன் எடையைப்போல் இருபது மடங்கு விசையோடு முன்னே பாயப் பார்க்கும். இருநூற்று நாற்பது கிலோ. தோளை அணைக்கும் பெல்ட் உருண்டைப் பொருளுக்குச் செய்ததல்ல. இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு தனிப் பட்டையால் இறுக்கிக் கட்டவேண்டும். முடியாவிட்டால் உள்ளே வைக்காமலிருப்பதே மேல்.

இங்கேதான் என் நண்பர் மடக்கினார். விளையாட்டுக் கார்களை நன்கறிந்தவர், என்னைவிட நன்றாக ஓட்டுபவர். "இரண்டு இருக்கையில் ஒன்றை டயருக்குக் கொடுத்தால், நீ தனியாகப் போகும்போது பத்திரமாக இருப்பாய். பக்கத்தில் ஆள் இருக்கும்போது டயர் இருக்காது. உன் மாமனார் உட்கார்ந்தால் ஸ்டெப்னி வீட்டில்தானே?" என்றார். சரியான அடி. நெடுநாள் பதில் இல்லாமல் இருந்தேன். தனியாக மாட்டிக்கொள்வது எனக்குப் பெரிதல்ல, உண்மையில் சற்றுப் பிடிக்கவும் செய்யும். என்னை நம்பி ஏறியவரை மாட்டவைத்ததுதான் உறுத்தியது. ஆகவே கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஊருக்குள் சுற்றும்போது ஸ்டெப்னி வேண்டாம். கைபேசியும் இழுவை வண்டியும் போதும். சிக்னல் இல்லாத பாதையில் துணையோடு போகும்போது டிக்கி முழுவதும் ஸ்டெப்னிக்கு. துணிமணி ஆளுக்கொரு சிறு பை, காலடியில். அதற்குள் அடங்காத பயணமென்றால் மனைவியின் சாதாரணக் கார் இருக்கிறது. பஞ்சரான பெரிய சக்கரத்தைக் கழற்றியபின் எங்கே வைப்பது என்று நண்பர் மறுபடி கேட்டார். கூரையைத் திறந்துவிட்டு, இருக்கையில் அமர்ந்தவர் மடியில். பேருந்தில் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் வந்தவர்களை அவர் பார்த்ததில்லை போலும்.

2023-ல் மாமா மறுபடி வந்தார். அதே வண்டி, இம்முறை கலிபோர்னியாவின் கிழக்கோரமாக, மலைக்கு அந்தப்புறம். அவர் ஏறுவதற்கு முன் நான் பெருமையாக டிக்கியைத் திறந்து காட்டினேன்: ஒல்லிச் சக்கரம், ஜாக்கி, பலகை. குனிந்து கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார்.

"காத்து எப்ப புடிச்சீங்க?"

வாங்கியபோது, இரண்டு வருடம் இருக்கும் என்றேன். கருவியை வைத்துப் பார்த்தோம். அறுபது இருக்கவேண்டிய இடத்தில் இருபத்திரண்டு இருந்தது. புட்டியோடு வந்த அந்தக் குட்டிப் பம்பை நான் தூக்கியெறியாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. பதினைந்து நிமிடம் பக்கத்தில் நின்று அது அடித்து முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் மாமா ஏறி உட்கார்ந்தார்.