எவ்வளவு கொடுத்தால் விஷம்?

‘எலிக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்ற அறிக்கையைப் பார்த்து மருந்துக் கம்பெனி மகிழலாம். தில்லி கோட்லா சாலையில் இருக்கும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அது போதாது. புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க அனுமதி வேண்டுமானால், அது எந்த அளவில் கெடுதல் செய்கிறது என்பதையும் காட்டியாக வேண்டும்.

1988இல் மருந்து விதிகளில் அட்டவணை ஒய் வந்தது. 2019இல் அதன் இடத்தைப் புதிய விதிகள் பிடித்தன. தொடர்ந்து மருந்து கொடுக்கும் சோதனைக்கு மூன்று டோஸ்கள். மேல் டோஸில் நச்சு விளைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கீழ் டோஸில் தெரியக்கூடாது. ஆனால் அது மனிதருக்கு உத்தேசித்த அளவுக்கு இணையாகவோ அதன் மடங்காகவோ இருக்க வேண்டும். நடு டோஸில் சில அறிகுறிகள் வரலாம், சாவு கூடாது.

மேல் டோஸ் கொடூரமாகத் தோன்றும். ஆனால் முதலில் அடிபடுவது கல்லீரலா, சிறுநீரகமா, மருந்தை நிறுத்தினால் தேறுமா என்பதை அதுதான் சொல்கிறது. டோஸைக் குறைத்து வைத்தால் அறிக்கை சுத்தமாக இருக்கும். விலங்குகள் வீணாகச் செத்திருக்கும். மனிதரிடம் எதைக் கண்காணிப்பது என்று டாக்டருக்கும் தெரியாது.

அதற்காக வண்டி வண்டியாகப் புகட்டுவதிலும் பயனில்லை. உணவில் 5 சதவீதமும் அதற்கு மேலும் சாக்கரின் தின்ற ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வர, அமெரிக்கா 1977இல் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. அது எலியின் சிறுநீருக்கே உரிய கோளாறு என்று தெளிந்து வாசகம் நீங்க 2000 ஆயிற்று.

எலிக் கணக்கை அப்படியே மனிதருக்குப் பெருக்குவதும் ஆபத்து. கிலோவுக்கு 50 மில்லிகிராம் எலிக்குக் கெடுதல் செய்யவில்லை என்றால், 60 கிலோ மனிதருக்கு 3 கிராம் என்று தோன்றும். உடல் பரப்பளவுக்கு ஏற்ப 6.2ஆலும், பாதுகாப்புக்காக 10ஆலும் வகுப்பது வழக்கம். மிஞ்சுவது சுமார் 48 மில்லிகிராம்!

வகுத்தாலும் சில சமயம் தப்ப முடிவதில்லை. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்து ஆறு பேருக்கு ஏற்றப்பட்டது. குரங்குகள் தாங்கிய 50 மில்லிகிராமில் 500இல் ஒரு பங்குதான் அது. சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. உயிர் பிழைத்தது பெரிய விஷயம். அந்த மருந்து தூண்டும் மூலக்கூறு, குரங்கின் சிலவகை வெள்ளணுக்களில் இல்லை. இல்லாத இடத்தில் எவ்வளவு டோஸ் கொடுத்து என்ன? இத்தகைய மருந்துகளை, உடலில் சற்றே வேலை செய்யத் தொடங்கும் மிகக் குறைந்த அளவிலிருந்து ஆரம்பிக்கும் முறை அதன் பிறகே வலுப்பெற்றது.

2023இல் தில்லி விதிகளைத் திருத்தியது. விலங்குகளுக்குப் பதிலாக மனித செல்களைக் கொண்டு செய்யும் சோதனைகளுக்கும் இடமளித்தது. தட்டில் இருக்கும் செல்லுக்கும் எத்தனை துளி என்று யாரோ தீர்மானிக்கத்தான் வேண்டும்.