கணக்கு உதைக்கும்போது யாரை நம்புவது?

முகையூர் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றின் கிளை அஞ்சலகம் என்பது பெரும்பாலும் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கையடக்கக் கருவி, அதை இயக்கும் கிராமிய அஞ்சல் ஊழியர். இந்தியாவின் சுமார் 1.65 லட்சம் அஞ்சலகங்களில் பெரும்பாலானவை இத்தகைய கிளைகளே. அங்கே வாங்கப்படும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்த ஊழியரே பொறுப்பு. குறைந்தால் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். பெருநிறுவன மென்பொருள்களை வடிவமைக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ஒரு மென்பொருளின் தரத்தை இந்த மேசையில் வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அஞ்சல் துறையின் முந்தைய கணினிமயத்தை டிசிஎஸ், இன்போசிஸ் போன்ற வெளி நிறுவனங்கள் கட்டமைத்தன. அஞ்சல் பதிவு முதல் பட்டுவாடா வரையிலான பணிகளுக்காக 2025 ஆகஸ்ட் 4-ல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ‘ஏபிடி’ மென்பொருளையோ துறையின் சொந்தத் தொழில்நுட்ப மையமே எழுதியது. கர்நாடக வட்டத்தில் முதலில் ஓட்டிப் பார்த்து, குறைகளைத் திருத்தி, படிப்படியாக மற்ற வட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். 4.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. இந்த முடிவை மனதார வரவேற்கிறேன். நிரலை எழுதுபவரும் கவுன்டரில் இருப்பவரும் ஒரே துறையினராக இருக்கும்போது, குறை ஒப்பந்த விதிகளுக்குள் சிக்காமல் உரியவரைப் போய்ச் சேர வழியிருக்கிறது. மறுதரப்பு வாதத்திலும் வலு உண்டு. வெளி நிறுவனம் என்றால் தவறுக்கு அபராதம் விதிக்கலாம். சொந்தக் குழுவில் இருவர் மாறுதலாகிப் போனாலே நுட்ப அறிவும் அவர்களோடு போய்விடக்கூடும். புதிய மென்பொருளின் தொடக்க நாள்களில் பல ஊர்களில் மக்கள் காத்துக் கிடந்ததும் உண்மை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. பிரிட்டன் அஞ்சல் நிறுவனம் 1999 முதல் ஃபுஜிட்சுவின் ‘ஹொரைசன்’ மென்பொருளைப் பயன்படுத்தியது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். அந்த மென்பொருளின் பிழைகளில் ஒன்று 2015-ல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் வெளிப்பட்டது. உறைந்த திரையில் விசையை மறுபடி மறுபடி அழுத்தியதால், 8,000 பவுண்டு வரவு நான்கு முறை பதிவாகி 32,000 ஆனது. கையில் இல்லாத 24,000 பவுண்டு கணக்கில் ஏறியது. சிக்னல் விட்டுவிட்டு வரும் நம் கிராமங்களில், ‘போகலையே’ என்று பொத்தானை மீண்டும் அழுத்தாதவர் யார்? ஒரே பரிவர்த்தனை இரண்டாம் முறை வந்தால் அடையாளம் கண்டு நிராகரிக்கும் முறை மென்பொருள் துறையில் பழையதுதான். அதைச் செய்தாலும் பிழையே வராது என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

ஆகவே கணக்கு உதைக்கும் நாளில் யாரை நம்புவது என்பதை நிர்வாகம் இப்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். தன் கருவி அனுப்பிய ஒவ்வொரு பதிவையும், அதற்கு மையக் கணினி தந்த பதிலையும் கிளை ஊழியர் தாமே பார்க்கும் வசதி வேண்டும். அவர் ‘மென்பொருள் தவறு’ என்று எழுதிக் கொடுத்தால், நிரல் அறிந்த ஒருவர் அந்தப் பதிவுகளை ஆராய்ந்து பதில் தரும்வரை, பற்றாக்குறையை அவரிடம் வசூலிக்கக் கூடாது.