நல்ல மனிதர், தப்பான நாற்காலி

காலை நடைக்கு நாங்கள் நான்கு பேர் போவோம். நால்வருமே எழுபதைத் தாண்டியவர்கள். நடை முடிந்ததும் பூங்காவின் சிமென்ட் பெஞ்சில் அரை மணி நேரம் உட்காருவோம். அங்கே அரசியல் பேசக்கூடாது என்று ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் தீர்மானம் போடுவோம். பொங்கல் வரைகூட அது தாங்காது.

போன வாரம் வாரிசு அரசியல் பற்றிப் பேச்சு வந்தது. எங்களில் ஒருவர் 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குக் கொஞ்சம் சூடாகவே சொன்னார்: "வோட்டு வாங்கி வந்த ஆக்கள் என்னத்தைக் கிழிச்சவை? லண்டனில லார்ட் ஏவ்பரியைப் பாருங்கோ. பிறப்பால பிரபுக்கள் சபைக்கு வந்த மனுசன். எங்கட சனத்துக்காக எத்தினை தரம் எழும்பிக் கதைச்சவர்! பரம்பரை எண்டால் கூடாது எண்டு ஆர் சொன்னது?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நன்றியோடு ஒருவர் பேசும்போது குறுக்கே புகுந்து மடக்குவது அழகில்லை. ஆனால் அந்தக் கேள்வி வீடு வரை கூடவே வந்தது. 'யார் சொன்னது?' என்றால், நான் சொல்கிறேன். அதுவும் அவர் காட்டிய அதே ஏவ்பரி பிரபுவை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த மனிதருக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். எரிக் லப்பக் என்பது அவருடைய இயற்பெயர். 1928-இல் பிறந்தவர். ரோல்ஸ் ராய்ஸில் இன்ஜினீயராக இருந்தவர். 1976 முதல் இருபது வருஷத்துக்கு மேல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மனித உரிமைக் குழுவுக்குத் தலைவர். இலங்கைத் தமிழர், குர்துகள், பஹ்ரைன் மக்கள், சிட்டகாங் மலைவாசிகள் என்று, தங்கள் நாட்டில் கேட்க நாதியில்லாதவர்கள் கதவைத் தட்டினால் திறந்தவர். புத்த மதத்தைத் தழுவியவர். 2016 பிப்ரவரியில் காலமாகும்வரை ஓயாதவர். அவரைப் பற்றி என் நண்பர் சொன்ன நல்ல வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் குறைக்கப்போவதில்லை.

நான் மறுப்பது, அந்த நல்ல மனிதரைக் காட்டி அந்த நாற்காலிக்கு நற்சான்று வாங்குவதைத்தான்.

லப்பக் பாராளுமன்றத்துக்குள் முதலில் நுழைந்தது பிறப்பால் அல்ல, வோட்டால். 1962 மார்ச் 14 அன்று லண்டனை ஒட்டிய ஆர்பிங்டன் தொகுதியில் இடைத்தேர்தல். அதற்கு முந்தைய தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி 14,760 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்த இடம் அது. லிபரல் கட்சி நிறுத்திய லப்பக், அதற்கு ஒரு வருஷம் முன்புதான் உள்ளூர் கவுன்சிலர் ஆனவர். அவர் 7,855 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். நாடே அசந்துபோனது. அவரை உலகத்துக்குக் காட்டியது தாத்தாவின் பட்டம் இல்லை. மழையிலும் குளிரிலும் வரிசையில் நின்று வோட்டுப்போட்ட ஆர்பிங்டன்காரர்கள்.

எட்டு வருஷம் காமன்ஸ் சபையில் இருந்தார். கட்சியின் தலைமைக் கொறடாவாகவும் ஆனார். 1968-இல் கென்யாவிலிருந்த இந்திய வம்சாவளியினர், கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு, பிரிட்டனுக்கு வரப் பார்த்தார்கள். அவர்களைத் தடுக்க ஆளுங்கட்சி சில நாட்களுக்குள் ஒரு சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. எதிர்க்கட்சியும் பெரும்பாலும் கூடவே நின்றது. அதை எதிர்த்து மல்லுக்கட்டிய சிலரில் லப்பக் முக்கியமானவர். அதே வருஷம் தனிநபர் மசோதா ஒன்றைச் சட்டமாக்கினார். வண்டியே வீடாகத் திரியும் ஜிப்சி மக்கள் தங்குவதற்கு உள்ளாட்சிகள் இடம் ஒதுக்க வேண்டும் என்ற சட்டம் அது. ஜிப்சிகளுக்காகப் பேசினால் வோட்டுக் கூடுமா, குறையுமா என்று நம் ஊர் வார்டு கவுன்சிலரைக் கேட்டாலே சொல்வார். வோட்டு வாங்கி வந்தவர்தான் அதைச் செய்தார்.

1970-இல் தோற்றார். 1962-இல் தன்னைத் தேர்ந்தெடுத்த ஆர்பிங்டன் மக்கள் ஞானிகள், 1970-இல் தோற்கடித்தவர்கள் முட்டாள்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னதாகச் சொல்வார்கள். 1971-இல், மூன்றாம் ஏவ்பரி பிரபுவாக இருந்த அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் இறந்தார். பட்டம் இவருக்கு வந்தது. பட்டத்தோடு பிரபுக்கள் சபை இருக்கையும் வந்தது. வாசல் வழியாக மக்கள் வெளியே அனுப்பியவரை, ஒரே வருஷத்தில் பரம்பரை கொல்லைப்புறமாக உள்ளே அழைத்துக்கொண்டது. மக்கள் தந்தது 8 வருஷம். பிறப்பு தந்தது 45 வருஷம்.

இங்கே அவருடைய தாத்தாவைப் பற்றியும் சொல்லவேண்டும். முப்பத்தாறு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு அவர் ஒருவகையில் குலதெய்வம். ஜான் லப்பக், லண்டன் வங்கியாளர். எறும்பு, தேனீக்களை ஆராய்ந்தவர், டார்வினின் பக்கத்து ஊர்க்காரர். 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். நமக்கு வங்கி விடுமுறை 1881-ஆம் வருஷத்து நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்டின்படி வருகிறது; அதன் 25-ஆவது பிரிவை எங்கள் தலைமுறை கிளார்க்குகள் மந்திரம்போல் ஒப்பிப்போம். ஆனாலும் 'பேங்க் ஹாலிடே' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் லண்டன் திசைக்கு ஒரு கும்பிடு போட்டிருக்கிறேன். பழைய சின்னங்களைக் காக்கும் 1882-ஆம் வருஷச் சட்டத்திலும் அவர் கை உண்டு.

அந்த இரண்டு சட்டங்களும் வந்தபோது அவர் பிரபுக்கள் சபையில் இல்லை. காமன்ஸ் சபையில், வோட்டு வாங்கி உட்கார்ந்திருந்தார். 1900-இல்தான் ஏவ்பரி பிரபு ஆனார். தாத்தாவின் பெயர் சொல்லும் சட்டங்களும் பேரனின் பெயர் சொல்லும் சட்டமும் தேர்ந்தெடுக்கப்பட்ட காலத்தில் வந்தவை. இந்தக் குடும்பத்தைப் பரம்பரைக்குச் சாட்சியாகக் கூப்பிட்டால், சாட்சி எதிர்த்தரப்புக்குத்தான் சாதகமாகப் பேசும்.

சரி, ஓர் ஏவ்பரியை விடுங்கள். அந்த நாற்காலிகள் மொத்தமாகச் சேர்ந்து எப்படி வோட்டுப்போட்டன? 1988 மே 23-ஐப் பாருங்கள். தாட்சர் அரசு, வீட்டுக்கான பழைய வரியை எடுத்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று வரி போடப் புறப்பட்டது. சில சலுகைகள் போக, மாளிகைக்காரருக்கும் அவருடைய தோட்டக்காரருக்கும் ஒரே தொகை. வரியை அவரவர் சக்திக்கு ஏற்றபடி வையுங்கள் என்று பிரபுக்கள் சபையில் ஒரு திருத்தம் வந்தது. அதைத் தோற்கடிக்க, சபைப் பக்கம் அதிகம் தலைகாட்டாத பரம்பரைப் பிரபுக்கள் கிராமத்து மாளிகைகளிலிருந்து திரண்டு வந்தார்கள். 317-க்கு 183 என்று திருத்தம் தோற்றது. 1990 மார்ச்சில் லண்டன் தெருவில் கலவரம். அந்த வருஷக் கடைசியில் தாட்சர் பதவி விலகினார். 1993-இல் அந்த வரியே போய்விட்டது. காமன்ஸ் சபைக்காரர்கள் அதற்காக மக்கள் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. அன்று வந்து கை தூக்கிவிட்டு ஊர் திரும்பிய பிரபுவை எந்த ஊரில், எந்தத் தேர்தலில் கேட்பது?

வோட்டு வாங்கியவன் யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் என் பேரனே சிரிப்பான். அயோக்கியனாக இருந்தால் ஐந்து வருஷத்தில் அனுப்பலாம் என்றுதான் சொல்கிறேன். அந்த ஒரு வசதிக்காகத்தான் நாம் வெயிலில் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பெஞ்சில் இன்னொருவர் என்னைக் குத்தினார்: "உங்கள் பேங்கிலேயே அப்பா போய்விட்டால் பிள்ளைக்கு வேலை கொடுப்பீர்களே, அது என்ன?" நியாயமான குத்துதான். எங்கள் கிளையில் கேஷியர் ஒருவர் வேலையில் இருக்கும்போதே இறந்தார். மகனுக்குக் கருணை அடிப்படையில் வேலை வந்தது. ஆனால் அப்பாவின் நாற்காலி வரவில்லை. அடிமட்டத்தில் சேர்ந்தான், தப்பு செய்தபோது மெமோ வாங்கினான், பரீட்சை எழுதி மேலே வந்தான். அது ஒரு குடும்பத்தின் உலை அணையாமல் இருக்கக் கொடுத்த கைத்தாங்கல். ஊருக்கெல்லாம் சட்டம் போடும் அதிகாரம் யார் வீட்டு உலைக்கும் அரிசி அல்ல.

1999-இல் பிளேர் அரசு பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றியது. அறுநூறு பேருக்கு மேல் போனார்கள்; சமரசமாக 92 பேரை விட்டுவைத்தார்கள். சக பிரபுக்கள் தேர்ந்தெடுத்து எஞ்சியவர்களில் ஏவ்பரியும் ஒருவர். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர் இறந்தால் அந்த இடத்துக்கு 'இடைத்தேர்தல்' நடந்து வந்தது. நிற்க முடிந்தவர்கள் பரம்பரைப் பட்டம் உள்ளவர்கள் மட்டும். பட்டங்களில் பெரும்பாலானவை ஆண் வாரிசுக்கே போகிறவை. 2020-இல் மார் சீமாட்டி விலகிய பிறகு அந்த இருக்கைகளில் ஒரு பெண்கூட மிஞ்சவில்லை.

ஏவ்பரி இறந்ததும் 2016 ஏப்ரலில் அவர் இடத்துக்கு அப்படி ஒரு தேர்தல் நடந்தது. வேட்பாளர்கள் ஏழு பேர். வாக்காளர்கள் மூன்று பேர். அச்சுப்பிழை இல்லை, மூன்றே பேர். சபையிலிருந்த அதே கட்சியின் மற்றப் பரம்பரைப் பிரபுக்கள் அவர்கள். மூன்று வோட்டும் விஸ்கவுன்ட் தர்சோ என்பவருக்கு. இவருடைய கதையையும் கேளுங்கள். 1995-இல் பட்டம் பெற்றுப் பிரபுக்கள் சபைக்கு வந்தார், 1999-இல் வெளியேற்றப்பட்டார், 2001-இல் ஸ்காட்லாந்தின் வடக்குத் தொகுதி ஒன்றில் மக்களிடம் வோட்டுக் கேட்டு காமன்ஸுக்கு வந்தார், 2015-இல் அதே மக்கள் தோற்கடித்தார்கள். மறு வருஷமே, மூன்று வோட்டில், பழைய சபைக்குள் திரும்பிவிட்டார். 1971-இல் ஏவ்பரிக்குத் திறந்த அதே கொல்லைப்புறக் கதவு இது. வென்றவரும் திறமைசாலிதான், அவரை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஃபிளாட் அசோசியேஷன் செயலாளர் தேர்தலில்கூடப் பதினெட்டு வோட்டு விழுகிறது.

எஞ்சியவர்களையும் வெளியேற்றும் மசோதாவை 2024 செப்டம்பரில் காமன்ஸ் சபையில் வைத்தபோது, 'எவ்வளவு நல்லவர்கள், எவ்வளவு உழைப்பாளிகள்' என்ற புலம்பல் எழுந்தது. நல்லவர்கள்தான். நல்லவர்கள் வோட்டுக் கேட்டு வரட்டுமே.

மறுநாள் காலை இதையெல்லாம் சுருக்கமாக நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "71-இல அந்தக் கதவு பூட்டியிருந்தால் எங்களுக்காக ஆர் கதைச்சிருப்பினம்?"

அதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. ஒரு குரல் குறைந்திருக்கலாம். அந்த நஷ்டத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் மறுபடி ஏதோ ஒரு தொகுதியில் நின்றிருக்கலாம்; ஆர்பிங்டனில் ஒருமுறை நடந்தது இன்னொருமுறை நடந்திருக்கலாம். ஒரு நல்லவர் உள்ளே வருவதற்காக நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கதவைத் திறந்து வைப்பது, அவர்கள் போடும் வோட்டில் தோட்டக்காரர் வரி கட்டுவது, இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

"உங்கள் நன்றியில் பாதியை அந்த ஆர்பிங்டன்காரர்களுக்குக் கொடுங்கள்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "கால்வாசி குடுக்கிறன்" என்றார்.

நாளைக்கு மறுபடி பேரம் பேசவேண்டும்.