அமைச்சர் பதவி கிடைச்சும் பசுமைக் கட்சி ஏன் தோத்துச்சு?

பாசிர் பெனம்பாங் பக்கத்து மின்மினிகளைக் காப்பாற்ற ஒரு சின்னக் கட்சி இருக்குன்னு வச்சுக்குங்க. கூட்டணியில் சேர்ந்து அமைச்சராகும்போது, மரங்களை வெட்டும் உத்தரவு ஏற்கெனவே கையெழுத்தாகி இருந்தால்?

அயர்லாந்து பசுமைக் கட்சிக்குக் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. 2007-இல் 6 இடங்களோடு ஃபியன்னா ஃபால் ஆட்சியில் சேர்ந்தது. 'அவர்களோடு ஆட்சிக்குப் போகும் கட்சிக்குத் தலைமை தாங்க மாட்டேன்' என்றிருந்த தலைவர் ட்ரெவர் சார்ஜென்ட் தலைமையிலிருந்து விலகினார், பிறகு இணையமைச்சரானார். (கூட்டணின்னா இதுவும்தான்!)

பழங்கால மன்னர்களின் தாரா குன்றை ஒட்டி வரும் எம்3 நெடுஞ்சாலைப் பாதையைக் கட்சி எதிர்த்து வந்தது. பாதையில் கிடைத்த தொல்லியல் தளத்தை ஆவணப்படுத்திவிட்டு வேலையைத் தொடரலாம் என்று முந்தைய சுற்றுச்சூழல் அமைச்சர், கிளம்பும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டார். புதிய அமைச்சர், பசுமைக் கட்சியின் ஜான் கோர்ம்லி, அதைச் சட்டப்படி மாற்ற முடியாது என்றார். ஆதரவாளர்கள் கொதித்தார்கள். 2010-இல் சாலை திறந்தாச்சு.

பொருளாதாரச் சரிவும் சேர, 2011-இல் 6 இடமும் போச்சு. 2020-இல் 12 இடம், மறுபடி கூட்டணி. 2024-இல் மிஞ்சியது 1. கூட இருந்த இரு பெரிய கட்சிகளோ மீண்டும் ஆட்சியில்!

அப்போ வெளியே நின்று போராடினாலே போதுமா? எனக்கு அப்படித் தோணலை. முதல் ஆட்சியில் அவர்கள் கொண்டுவந்த கார்பன் வரி இன்னும் அமலில் இருக்கு.