வேரைக் கொத்தி எரு இட்டவர்கள்



கனி தரும் வாழ்வு என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். செபமாலை, நற்கருணை, ஏதாவது ஒரு பக்த சபையில் உறுப்பினராதல் என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். இவை வேர்கள்தான், தேவையானவைதான். ஆனால் எந்த மரமும் தன் பழத்தைத் தானே தின்பதில்லை. நம் விசுவாசத்தால் அடுத்த தெருவில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது? நெல் விளையும் இந்தத் தஞ்சைத் தரணியில் நின்றுகொண்டு இதைக் கேட்டால், கேள்வி கொஞ்சம் சுடும்.

1968ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாள். நம் ஆலயங்களில் குடில் கட்டி, திருப்பலி கண்டு, பலகாரம் உண்டு முடித்த அதே நாளின் இரவில், வேளாங்கண்ணிக்கு வெகு தொலைவில் இல்லாத கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் தீ வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லாரும் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்ததுமே அவர்கள் செய்த குற்றம். தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1967இல், திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் பற்றிய தம் சுற்றுமடலில், தனிச்சொத்துரிமை யாருக்கும் நிபந்தனையற்ற உரிமையாகாது என்று எழுதியிருந்தார். மடல் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. அது வெண்மணியின் வரப்பு வரை வந்ததா என்பதை அவரவர் மனச்சான்றுக்கு விட்டுவிடுவோம்.

செய்தி கேட்டு வந்தவர்கள் வேறு இருவர். காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாள் 1926இல் திண்டுக்கல் பக்கத்தில் நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே பட்டம் படித்தவர். இருவரும் வினோபாவின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். ஆறுதல் சொல்லிவிட்டு அவர்கள் பேருந்து ஏறிவிடவில்லை. கீழ்த்தஞ்சைப் பகுதியிலேயே தங்கி, கூத்தூரில் ஆசிரமம் அமைத்து, ஆண்டுக்கணக்கில் அந்த மக்களோடு வாழ்ந்தார்கள்.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வரும் அத்தி மரத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகள் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எரு இடுகிறேன் என்கிறார். எரு இடுவது அழுக்குப்படும் வேலை. கிருஷ்ணம்மாள் அம்மா செய்ததும் அதுதான். கலவரம் கூலியில் தொடங்கினாலும், அதன் வேர் நிலத்தில் இருக்கிறது என்று கண்டார். உழுகிறவளின் பெயரில் ஒரு செண்டு நிலம்கூட இல்லாதவரை அவள் எவருடைய தயவிலோதான் வாழ்வாள்.

1981இல் இருவரும் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுகிறவர்களுக்கு நில விடுதலை என்பதே அதன் பெயரின் பொருள். நிலக்கிழார்களிடம் பேசி விலை முடித்து, வங்கிக் கடனுக்கும் அரசு உதவிக்கும் அலைந்து, குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம், பெண்களின் பெயரில் பத்திரம் பதிந்தார்கள். இப்படி 13,000 அளவிலான குடும்பங்கள் நிலம் பெற்றன. பெண்ணின் பெயரில் என்பதைக் கவனியுங்கள். சாராயக் கடைக்கு அடகு போகாத நிலம் அது. கொலைக்களமாக இருந்த பகுதியில், எரித்தவர்களின் வர்க்கத்தாரோடே உட்கார்ந்து பேசி இதைச் சாதித்தார்கள் என்பது நம்மைப் போன்ற போதகர்களை வாயடைக்கச் செய்கிறது.

பிறகு 1990களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. உப்பு நீர் வயலிலும் குடிநீரிலும் இறங்கியது. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார்; 1996 டிசம்பரில் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றத் தீர்ப்பு வந்தது. 2005இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் இறால் வளர்ப்புக்கு மீண்டும் வழி திறந்தது. எல்லாக் கனியும் பழுப்பதில்லை. ஜெகந்நாதன் 2013இல் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 2008இல் மாற்று நோபல் எனப்படும் வாழ்வுரிமை விருதும், 2020இல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன.

அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையே என்று சிலர் கேட்பீர்கள். ஆண்டவர் மரத்தைப் பெயர்ப்பலகையால் அறியச் சொல்லவில்லை, கனியால் அறியச் சொன்னார். பெயர்ப்பலகை உள்ள நம் நிலை என்ன? நம் திருச்சபையில் கல்லறைத் தோட்டத்தின் நடுவேகூடச் சாதிச்சுவர் நின்ற வரலாறு உண்டு. தேர்ப்பவனி எந்தத் தெரு வரை போகும் என்ற சண்டையும் உண்டு. இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டதே 2016 டிசம்பரில்தான். எத்தனை பங்குப் பேரவைகளில் அது வாசிக்கப்பட்டிருக்கும்?

இது பழைய கதை, இன்று கூலிப் பிரச்சினையே இல்லை, ஆள்தான் கிடைப்பதில்லை என்பார்கள். பாதி உண்மை. அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நம் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ஆனால் மழையில் பயிர் மூழ்கும்போது பாருங்கள். நிவாரணம் சிட்டா, அடங்கலில் பெயர் உள்ளவருக்குப் போகிறது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவருக்கும், நாற்று நட்ட தாய்க்கும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. கொள்முதல் நிலைய வாசலில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டியது என்று நெல் குவிந்து முளைக்கும் நாட்களில், சுமை தூக்குபவருக்கும் அன்றைய கூலி போகிறது. அந்தக் கூலிக்குக் கணக்கு எழுத எந்தப் பதிவேடும் இல்லை. ஓர் ஏக்கர் பத்திரத்துக்காக அந்த அம்மா ஏன் அவ்வளவு அலைந்தார் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

பங்குகளுக்கும் நிலங்கள் உண்டு. சில இடங்களில் அவை ஆண்டாண்டாகக் குத்தகையில் இருக்கின்றன, பெரும்பாலும் கேட்கத் தெரிந்தவர்களிடம். சம்பா அறுவடை முடிந்து குத்தகை பேசும் மாதம் வரும்போது, தங்கள் ஊரில் நிலமற்ற விதவைத் தாய்மார் எத்தனை பேர் என்ற பட்டியல் ஒன்றை அன்பியங்கள் எடுத்து வைக்கலாம். எல்லாச் சாதியாரையும் சேர்த்தே எடுக்கலாம், கோவிலுக்கு வருவோரை மட்டும் எழுதாமல். அந்தத் தாளைப் பங்குப் பேரவையின் மேசையில் வைத்தபின், குத்தகை யாருக்கு என்று பேசத் தொடங்கலாம்.